பதினான்கு இடத்தில் வைத்த டேக்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பரீட்சை வைக்க மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி. பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. கதவருகே ஸ்டூலில் பியூன். என்னைப் போலவே கைடு பேட்ஜுக்காக வந்திருந்த கோவளத்துக்காரர். ஐந்தாவது ஆள் நான். எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாசம், செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தின் பின்னறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரிந்தது.

அதுவரை மாமல்லபுரத்தில் பேட்ஜ் இல்லாமலேயே வெள்ளைக்காரர்களுக்குக் கல் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கெடுபிடி வந்தது. பேட்ஜ் இல்லாதவனைப் பார்த்தால் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். இரண்டு முறை ஓடித் தப்பித்தேன். ஒரு முறை கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறை இடுக்கில் பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்ததில் மூக்கு வீங்கிப்போனது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாசம். பேட்ஜ் கிடைக்காவிட்டால் பழையபடி செங்கல் சூளைக்குத்தான் போகவேண்டும். அந்தப் புகை என் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் என்னைப் பயமுறுத்தியது பெரிய சொல் எதுவும் இல்லை. டேக் என்கிற இத்துனூண்டு சொல்தான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அதற்கு 'எடு' என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் தொழிலுக்கு வந்தேன். முதல் வாரமே ஒரு வெள்ளைக்கார அம்மா நிழலில் சாய்ந்துகொண்டு டேக் ரெஸ்ட் என்றாள். ஓய்வை எங்கிருந்து எடுப்பது என்று விழித்தேன். போட்டோ பிடிப்பதும் டேக், மாத்திரை விழுங்குவதும் டேக், பஸ்ஸில் போவதும் டேக். இடதுபக்கம் திரும்பினாலும் டேக், வேலைக்கு நேரம் ஆனாலும் டேக். செருப்பைக் கழற்றினால் டேக் ஆஃப், விமானம் கிளம்பினாலும் அதே டேக் ஆஃப். நம் பேச்சிலும்தான் மீனைப் பிடிக்கிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடிக்கிறது. அதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. இது அடுத்த வீட்டு நாய் மாதிரி. எந்த நேரம் எப்படித் திரும்பும் என்று தெரியாது. தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் போய்க் கேட்டேன். டேக் வேண்டாமென்றால் கேரி, கேட்ச், அக்ஸெப்ட், ரிசீவ் என்று வேறு சொற்களும் இருக்கின்றன, இடத்துக்குத் தகுந்தாற்போல் போட்டுக்கொள் என்றார். ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தவன் அன்றிலிருந்து ஐந்துக்குப் பயந்தேன்.

பேட்ஜ் இல்லாத நாங்கள் இங்கிலீஷை நடந்துதான் படித்தோம். முன்னால் போகிற கைடுகளுக்குப் பின்னால் சும்மா போகிறவன் போலப் போய், எந்தக் கல்லுக்கு எந்தப் பேச்சு என்று காதில் வாங்கிக்கொள்வோம். நாங்கள் காட்டும்போது நடுவில் யாராவது கேள்வி கேட்டுவிட்டால் பத்தடி பின்னால் போய் முதலிலிருந்து தொடங்குவோம். டேக்கையும் நான் அப்படித்தான் பதினான்கு இடத்தில் வைத்திருந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் டேக் லெஃப்ட். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே டேக் போட்டோ. இளநீர்க்காரி முன்னால் டேக் ஒன். ஐந்து ரதத்து யானை நிழலில் டேக் ரெஸ்ட். கடற்கரைக் கோயில் பாசிப் படியில் டேக் கேர். அந்தந்த இடம் வந்தால் சொல் தானாக வாய்க்கு வரும்.

முதலில் கோவளத்துக்காரரைக் கூப்பிட்டார்கள். பல வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இங்கிலீஷ் கொட்டியது. ஆனால் அதிகாரியின் காது சிவந்துகொண்டே போனது. கப்பலில் கற்ற பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை இருந்திருக்கிறது. அது கெட்டது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போதும் என்று அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அடுத்து என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டூரிஸ்ட் யாரும் பெரிய சொல்லாகப் பேசமாட்டான், அதனால் சின்ன வினைச்சொல்லில்தான் கேட்பேன் என்றார். டேக்கை வைத்து, அர்த்தம் மாற்றி மாற்றி, எத்தனை வாக்கியம் தெரியுமோ அத்தனையும் சொல்லச் சொன்னார்.

ஒன்றுகூட வரவில்லை. நாற்காலிக்குக் கீழே என் கால் இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எதிரே சுவர். சூளைப் புகை அப்போதே தொண்டையில் ஏறிவிட்டது போலிருந்தது.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "இன்னாய்யா, வாய்ல கொழுக்கட்டையா கீது?"

"சார், கொஞ்சம் எழுந்து நடக்கலாமா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"எங்க போகப்போறே?"

"இந்த மேஜையைச் சுத்தித்தான் சார்."

ஓடிவிடப் போகிறேன் என்று நினைத்து பியூன் கதவை மறித்து நின்றான். நான் கதவைப் பஸ் நிற்கிற இடமாக வைத்துக்கொண்டேன். டேக் லெஃப்ட் வந்தது. அவன் விட்ட ஸ்டூல் வெண்ணெய் உருண்டைப் பாறை. குமாஸ்தா இளநீர்க்காரி, அவர் முன்னால் கையை நீட்டி டேக் ஒன் என்றேன், அவர் தன் பேனாவை இழுத்து வைத்துக்கொண்டார். பீரோ நிழலில் டேக் ரெஸ்ட். கடைசியாக அதிகாரியின் நாற்காலிதான் கடற்கரைக் கோயில். குனிந்து, டேக் கேர் சார், ஸ்லிப்பரி என்றேன். அவர் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பதினான்கில் பதினொன்று சொல்லியிருந்தேன்.

ஓட்டல் அறையில் உட்கார்ந்துகொண்டே ஒருவன் கேட்டால் என்ன செய்வாய் என்றார் அதிகாரி. எழுந்து நடப்பேன் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதி, பாஸ், ஃபீஸ் பதினைந்து ரூபாயை இன்றே கட்டிவிடு, இல்லாவிட்டால் அடுத்த முறைதான் என்றார்.

என்னிடம் திருக்கழுக்குன்றம் வழியாக ஊர் திரும்பும் பஸ் காசு மட்டும் இருந்தது. எங்கே பாஸ் ஆகப்போகிறோம், ஃபீஸ் எதற்கு என்று வெறுங்கையோடு வந்திருந்தேன். வெளியே படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோவளத்துக்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மச்சான், பாஸாகிக்கினு இப்டி குந்திக்கினு கீற?"

சொன்னேன். அவர் டிராயர் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார்.

"இத்த வச்சிக்கோ. நான் ஃபெயிலு, எனக்கு இனிமே இன்னாத்துக்கு? ஃபீஸு கட்டிட்டேன்னு வூட்ல சொல்லிக்கிறேன்."

பேட்ஜ் வந்தது. வேனைப் பார்த்து ஓடுவது நின்றது. இரண்டு மாசம் கழித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு கோவளம் போனேன். அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி மட்டும் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். பணத்தை நீட்டினால், கட்டிவிட்டேன் என்று அவர் சொன்ன பொய் அந்த இடத்திலேயே உடையும். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாள். வழி தப்பி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அடுத்த முறை போனபோது, அவர் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கடற்கரையில் டிராயர் போட்ட ஆள் யார் எதிரே வந்தாலும் அவர்தானோ என்று முகத்தைப் பார்ப்பேன். அவருக்கு நான் தரவேண்டிய பாக்கி பதினைந்து ரூபாய்.