நடுவில் ஒரு சாய்கோடு

பெர்மாஸ் ஜெயாவில் என்னைவிட என் அப்பாதான் பிரபலம். கிளினிக்கில் “சுப்பிரமணியம்” என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போக வேண்டும். வங்கியிலும் அதே கூத்து. மனுஷன் விருதுநகரிலிருந்து மதுரையைத் தாண்டிப் போனதில்லை, இங்கே என் பல்வலிக்கு மருந்து அவர் பெயரில் வருகிறது. ஊரில் ‘சு.’ என்று ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் அடங்கிக் கிடந்தவர், கடவுச்சீட்டில் முழுதாகப் பின்னால் போய் உட்கார்ந்ததிலிருந்து செந்தில்குமார் என்ற என்னை இந்த மலாய் நாட்டில் யாருக்கும் தெரியவில்லை.

என் பிழைப்பும் பெயர் கேட்கிற பிழைப்புதான். கணினியில் சத்தமில்லாமல் ஓடி, அதை அலுவலக நெட்வொர்க்கோடு இணைத்துவைக்கும் நிரலுக்கு டீமன் என்று பெயர். ஆங்கிலத்தில் பேய்க்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு என்பதால் அம்மாவிடம் விளக்குவதை விட்டுவிட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு, வருகிறவர் யார், உள்ளே விடலாமா என்று சரிபார்க்கும் ப்ளக்இன்களை நான் எழுதுகிறேன். டீமன் லேசில் மசியாது. கேட்டதைக் கேட்டபடி கொடுக்காவிட்டால் ‘தோல்வி’ என்று ஒரே சொல்லைத் துப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஏன் என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்தோம். ஐசி என்கிற அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரால் உள்ளே நுழைய வேண்டும், நுழைந்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. மாசாயிலிருந்து அங்கே ஸ்டோருக்கு வேலைக்குப் போகும், அதைப் பொருத்தப் போனபோது பழக்கமான பரமேஸ்வரி அக்கா போன் செய்தார். காலையிலிருந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும் முந்தின நாளைப் போலவே வரவில்லை என்று பதிவாகியிருக்கிறதாம். பாஸ்வேர்டு கூடத் தட்டத் தெரியவில்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

“தம்பி, மலாய்க்காரங்க போறாங்க, சீனவங்க போறாங்க. நம்ம ஆளுங்கள மட்டும் உள்ள விடமாட்டேங்குது லா.”

எனக்குச் சுருக்கென்றது. எழுதினவன் தமிழன்! அவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். பரமேஸ்வரி ஏ/பி முனியாண்டி. மலாயில் மகள் என்பதன் சுருக்கம் அந்த ஏ/பி, மகனென்றால் ஏ/எல். இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் பிறந்ததிலிருந்தே பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு. கணினிக்கோ சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பெட்டி, பின்னால் இருப்பது அதற்குள் இருக்கும் பொருள். என் ப்ளக்இன் ஒவ்வொருவர் சாவியையும் அவரவர் பெயரிலேயே கோப்பாக வைத்திருந்தது. ஆக, ‘பரமேஸ்வரி ஏ’ என்று இல்லாத ஒரு பெட்டியைத் திறந்து அதற்குள் ‘பி முனியாண்டி’யைத் தேடியிருக்கிறது. இனிஷியலில் வருகிற புள்ளியை மட்டும் விதவிதமாகச் சோதித்துப் பார்த்திருந்தேன். விருதுநகர்க்காரனுக்குப் புள்ளிதானே தெரியும்.

எங்கள் மேலாளர் சீனர், நல்ல மனிதர், அவசரக்காரர். கோட்டை வெட்டிவிடு, “போத்தோங் சாஜா லா,” என்றார். பிறகு என் பெயர் அட்டையை உற்றுப் பார்த்தார். நானும் இந்தியன்தானே, எனக்கு ஏன் ஏ/எல் இல்லை?

“யூ நோ ஃபாதர், ஆ?”

அப்பா இல்லையா என்று நக்கலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். என் பெயரில் இரண்டாவதாக இருப்பவர்தான் அப்பா என்றேன். சேர்ந்த நாளிலிருந்து என்னை ‘மணி’ என்றே கூப்பிட்டு வந்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வெட்டட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“வெட்டுனா ஐசில ஒரு ஆளு, சம்பளத்துல ஒரு ஆளுன்னு ஆயிரும். எங்கப்பா பேரு தம்பி அது. வெட்டாதீங்க.”

வெட்டவில்லை. பெயரைக் கோப்பின் பெயராக வைப்பதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பிரித்து எழுதினேன். மேலாளர் உர்ரென்று இருந்தார், இருக்கட்டும். மறுநாள் காலை அக்கா கூப்பிட்டு, “உள்ள போயிருச்சு லா,” என்றார். விட்டுப்போன நாட்களைப் பதிவில் ஏற்றுகிறார்களாம். அதோடு வைத்துவிட்டார், ஷிப்ட் தொடங்கிவிட்டது.

ப்ளக்இன்னில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் உள்ளே அனுப்பிப் பார்க்க ஒரு பொய்ப் பயனர் வேண்டும். செந்தில்குமார் ஏ/எல் சுப்பிரமணியம் என்று உண்டாக்கினேன். நான் முன்னால், அப்பா பின்னால், நடுவில் கோடு. அவனை டீமன் மறுபேச்சில்லாமல் இணைத்துவிடுகிறது. நான் வேலை பாஸைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து, கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், அப்பாவை எப்போது கூப்பிடுவார்கள் என்று.