மத்திகிரியில் ஓடவிட்ட படகு

கடலூரில் மீன்பிடிப் படகு ஓட்டும் என் மனைவியின் தம்பிக்காக, மத்திகிரி வாடகை வீட்டில், பழைய லேப்டாப்பில் கடல்வழி காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டேன். இது கடலில்லாத ஊர். சோதித்துப் பார்க்க, அவன் துறைமுகத்துக்குத் திரும்பும் பாதையில் திரைக்குள் ஒரு பொய்ப்படகை ஓடவிட்டேன். அதை நிறுத்தாமலே லேப்டாப்பை அவனுக்கு அனுப்பியும்விட்டேன்.

பனிமூட்டத்தில் கரை திரும்பும்போதுதான் அவன் திரையைத் திறந்திருக்கிறான். அதில் தெரிந்ததைத் தன் படகென்றே நம்பினான்; அது அழகாகத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எதிரிலோ, கல்லில் அலை உடையும் சத்தம். மயிரிழையில் படகைத் திருப்பித் தப்பினான்.

"மாமா, உங்க படகு கரை சேந்துடுச்சு. நாங்க நாலு பேரு இன்னும் சேரல," என்று கடலிலிருந்தே போனில் சிரித்தான்.

இன்றும் கண்ணை மூடினால், ஆளில்லாத அந்தப் படகு பிசகாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த லேப்டாப் என் கைக்கு வந்தால், ஜி.பி.எஸ்ஸோடு பைக்கில் வைத்து உத்தனப்பள்ளி வரை போகிறேன். திரையில் படகு என்னோடு சேர்ந்து நகர்ந்தால்தான் திருப்பி அனுப்புகிறேன்.