ஒரே இழுப்பு

மரம் வெட்டும் தொழிலில் பதினெட்டு ஆண்டுகள் நின்ற பிறகே, நாற்பத்தைந்தாம் வயதில், அந்த வீட்டின் மூத்த மருமகளுக்குப் பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. வரக் காரணம் ஒரு சங்கிலி ரம்பம்.

பழைய ரம்பம் காலை வாரிய கதை ஊரறிந்தது. கடைத்தெருவில் ஒரு மரத்தைப் பாதி அறுத்திருந்தாள். ஆப்பு அடிக்க அணைத்த இயந்திரம், சூட்டில் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் பற்றவில்லை. எப்போது சாயுமோ என்று நின்ற மரத்துக்கு அஞ்சி, தெரு அரை நாள் மறிபட்டுக் கிடந்தது. நகரப் பூங்காக்களின் மேற்பார்வையாளர் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

“நூலகத்துப் பக்கத்துல நிக்கிற தைலமரம்தான் கடைசி வாய்ப்பும்மா. அதையும் சொதப்பினா, இந்த ஊர்ல உங்களுக்கு வேற மரம் கிடையாது.”

மறுநாள் ரம்பக் கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். கூடவே, மரமேறிக் கயிறு கட்டும் கொழுந்தன். உள்ளே நுழைந்த மாத்திரத்தில் அவன் கண், இருப்பதிலேயே நீளமான பிளேடு போட்ட ரம்பத்தில் ஒட்டிக்கொண்டது.

“அண்ணி, இதைத் தூக்கிட்டுப் போய் நின்னாலே மரம் பயந்து தானா விழுந்துடும்.”

“விழும். கூடவே உன் தோள்பட்டையும்.”

தைலமரத்தின் சுற்றளவை ஒரு கயிற்றில் முடிச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை வட்டமாகத் தரையில் போட்டு, நடுத்தர பிளேடு இருபுறமிருந்தும் எட்டுமென்று உறுதி செய்துகொண்டாள். அந்த அளவு ரம்பம் ஒவ்வொன்றையும் ஏந்தி, அடிமரத்தை அறுப்பதுபோல் முழங்காலிட்டுப் பார்த்தாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. பின்கட்டில் கடைக்காரர் இழுக்க, இரண்டுமே உடனே உறுமின.

“ரெண்டும் தங்கம்தாம்மா. கண்ணை மூடிட்டு எடுங்க.”

“திறந்துக்கிட்டே எடுக்கிறேண்ணே” என்றவள், இரண்டாலும் ஒரு கட்டையை அறுத்து நன்றாகச் சூடேற்றி அணைத்தாள். பிறகு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

“என்னம்மா, மெஷினைத் தூங்க வைக்கிறீங்களா?”

“எழுப்பினா எழுந்திருக்குதான்னு பாக்கணும்ண்ணே.”

பத்து நிமிடம் கழித்து முதல் ரம்பத்தின் கயிற்றை இழுத்தாள். ஏழு இழுப்புக்கும் புகைதான் வந்தது.

“சூடா இருக்குல்ல, கொஞ்சம் ஆறட்டும்” என்று கடைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுவரைக்கும் மரம் பொறுத்துக்காதே!”

இரண்டாவது ரம்பம் ஒரே இழுப்பில் பற்றியது. அதையே எடுத்தாள்.

தைலமரம் நூலகத்தின் கண்ணாடிச் சுவரிலிருந்து ஆறடியில் நின்றது. எதிர்த்திசையில் முப்பதடி தள்ளி, மரம் விழவேண்டிய நேர்கோட்டில் அவள் ஒரு முளையை நட்டாள். கொழுந்தன் தொடங்கி அத்தனை பேரும் கயிற்றுவேலிக்கு அப்பால் போனபின், விழும் பக்கம் வாய்போல் வெட்டினாள். பின்புறம் பாதிக்குமேல் அறுத்தாள். அந்நேரம் பார்த்துக் காற்று நூலகத்தை நோக்கித் திரும்பியது.

ரம்பத்தை அணைத்தாள். வெட்டில் ஆப்புகளை இறுக்கிவிட்டுக் காத்திருந்தாள். கைகட்டி நின்ற மேற்பார்வையாளரின் முகம் கறுத்தது.

“மறுபடியுமா?”

அவள் மரத்தின் உச்சியையே பார்த்திருந்தாள். இலைகள் அடங்கப் பத்து நிமிடமாயிற்று. ரம்பத்தின் கயிற்றைப் பற்றி இழுத்தாள்.

ஒரே இழுப்பு!

ரம்பம் உறுமிய உறுமலில் வேலிக்கப்பால் ஒருவர் துள்ளிக் குதித்தார். மிச்சத்தை அறுத்து அவள் விலகி வர, தைலமரம் முனகி, சாய்ந்து, தரை அதிர விழுந்தது. கண்ணாடிச் சுவரில் கீறலில்லை. முளையை மட்டும் எங்கும் காணவில்லை. கொழுந்தன் கிளைகளை விலக்கிப் பார்த்தான். விழுந்த மரத்தின் கீழே, மண்ணோடு மண்ணாக இறங்கியிருந்தது அது.

“ஒரே இழுப்பு! எங்க அண்ணி, ஒரே இழுப்பு!” என்று அவன் போட்ட கூச்சலைக் கூட்டமும் பிடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளர் குனிந்து முளையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

“ஆத்தோரமா இன்னும் பதினாலு மரம் இருக்கு. எப்ப வர்றீங்க?”

“பெட்ரோல் ஊத்திட்டு வர்றேன் சார்” என்றாள் ஒரே இழுப்பு.