மூன்றடி உள்ளே

வேலி போடுவதற்கு முன்னால் என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் வந்ததில்லை. அப்பா இறந்த பிறகு திருவெள்ளறை நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்தபோதுகூட, "தங்கச்சிக்கு எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்கட்டும்" என்றுதான் சொன்னார். நான் வடக்குப் பாதியை எடுத்துக்கொண்டேன். அவர் அங்கேயே வீடு கட்டி, மாடு வைத்து, விவசாயம் பார்க்கிறவர். நான் டவுனில், கே.கே. நகரில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போய் எலுமிச்சைக் கன்றுகளைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

ஊர் ஆடுகள் இரண்டு முறை அந்தக் கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. மூன்றாம் முறை நட்டபோது கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மணப்பாறையிலிருந்து ஒருவர் ஆள்களோடு வந்தார். மூன்று பக்கமும் எல்லைக்கல்லை ஒட்டிக் கயிறு பிடித்துக் குழி எடுத்தார். அண்ணன் பக்கம் வந்ததும் நான் தடுத்தேன்.

"இந்தப் பக்கம் மட்டும் நம்ம நெலத்துல மூணடி உள்ள தள்ளிப் போடுங்க. எங்கண்ணன் டிராக்டர் திரும்பணும். மாடு வந்து உரசினா முள்ளு கீறிடும்."

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "அக்கா, கல்லு நாளைக்கு மண்ணுக்குள்ள போயிடும். வேலிதான் கண்ணுக்குத் தெரியும். கல்லை ஒட்டியே போட்டுக்கங்க."

"அது எங்க குடும்ப விஷயங்க. சொன்னதைச் செய்யுங்க" என்றேன் வெடுக்கென்று.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "உனக்குப் பெரிய மனசும்மா" என்றார். அண்ணி எல்லோருக்கும் மோர் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மடத்தனத்தை நினைத்து நானே பல மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு ஞாயிறு போனால், அந்த மூன்றடியில் வரிசையாகத் தேக்கங்கன்று நிற்கிறது. கேட்டேன். "என் எடத்துல நான் வைக்கிறேன்" என்றார் அண்ணன். எல்லைக்கல்லைத் தேடினேன், காணவில்லை. கால் கழுவ அவர் வீட்டுக் குழாயடிக்குப் போனபோது, அண்ணி அந்த எல்லைக்கல்லின் மேல்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லில் வெட்டியிருந்த குறிக்குள் சோப்பு நுரை தேங்கி நின்றது.

மனு கொடுத்து சர்வேயரை வரவழைத்தேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். இடம் போனால் போகிறது, அண்ணன் தன் வாயால் உண்மையைச் சொல்லிவிட்டால் மனுவை அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நின்றேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்களும் இங்கதானே நின்னீங்க? மூணடி விட்டது யாருக்காகன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சர்வேயரிடம் சொன்னார்: "வேலி போட்டதே அவதாங்க சார். சொந்த நெலத்தை வெளிய விட்டுட்டு யாராவது வேலி போடுவாங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்கும்போது எனக்கே அது நியாயமாகப் பட்டதுதான் கொடுமை.

சர்வேயர் மற்ற மூலைக்கற்களிலிருந்து அளந்து பார்த்து, மூன்றடி என்னுடையதுதான் என்று புதுக் கல் நட்டுவிட்டுப் போனார். மணப்பாறைக்காரரை மறுபடி கூப்பிட்டேன். தேக்கங்கன்றுகளை வெட்டச் சொன்னேன். பழைய கல்லுக்கால்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "கயிறு எங்கக்கா கட்டட்டும்?" என்றார். குத்திக்காட்டத்தான் கேட்டார், கேட்கட்டும்.

"கல்லை ஒட்டி. ஒரு விரக்கடைகூட உள்ள வரக்கூடாது."

அடுத்த மாதம் நான் போயிருந்த அன்று, அண்ணனின் சிவப்புக் கிடாரி வேலியோரம் திரும்பும்போது விலாவில் நீளமாகக் கீறிக்கொண்டது. அண்ணன் ஓடிவந்து தோள்துண்டால் ரத்தத்தைத் துடைத்து, மஞ்சளைக் குழைத்து அப்பினார். அது பிறந்தபோது சீம்பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கே.கே. நகர் வரைக்கும் பஸ்ஸில் வந்தவர் அவர்.

கம்பிக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் நின்றிருந்தேன். பாவம் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நன்றாகக் கீறட்டும் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது, ஆனால் நினைத்தேன். அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிடாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.