கத்தியின் பெயர் தெரிந்த ஒரே காட்சி

தந்தீல் ஊரில் 'மூன்று நெருஞ்சி' கத்தி இல்லாத அடுப்படி கிடையாது. விளம்பரத்துக்காக அந்தப் பெயரைச் சினிமாத் திரைக்குக் கொண்டுபோவதுதான், கத்திக் கம்பெனியில் நெலிதா எச்செவெர்ரியின் வேலை. அலைந்து அலைந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

கொலைகாரன் கையில் கத்தியைக் கொடுக்க முதலாளி சம்மதிக்கமாட்டார். சமையல்காரி கையில் கொடுத்தால், படத்தின் நீளத்தைக் குறைக்கும்போது முதலில் அந்தக் காட்சிதான் பறக்கும். அதுவும் தப்பினால், படக்குழுவின் கலைப்பிரிவு ஆட்கள் கத்தி அலகில் பொறித்த பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள்.

கடைசியில் ஒரு படம் வாய்த்தது. அசூல் ஊர்ப் பக்கம் பூட்டிக்கிடந்த பண்ணை வீட்டில் படப்பிடிப்பு. ஒரு விதவை ரொட்டி நறுக்கும் காட்சி. பெயர் கேமராவைப் பார்க்கும்படி நெலிதாவே கத்தியை மேஜையில் வைத்தாள்.

"யாருய்யா இதத் திருப்புனது?" என்று இயக்குநர் கத்தினார். கத்தியின் முனை வாசலைப் பார்த்துக் கிடந்தது. நெலிதா வைத்தபின் அதை யாருமே தொடவில்லை.

நடிகை மிர்த்தா கத்தியை எடுத்த வேகத்தில் கீழே போட்டாள். "பிடி சூடா இருக்கு. இப்பத்தான் யாரோ வெச்சிட்டுப் போன மாதிரி. எனக்கு ரப்பர் கத்தி குடுங்க."

வேறு வழியில்லாமல், நெலிதா கெஞ்சியதற்காக, முழு ரொட்டியையும் நிஜக் கத்தியையும் மட்டும் தனியே வைத்துப் படமெடுத்தார்கள்.

எடிட்டர் ஹசிந்த்தோ ஒரு நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினான். "அக்கா, இதப் பாருங்க." திரையில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பிடியைச் சுற்றி ஒரு கை. வயதான கை, மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. அதை எடுத்தபோது மேஜையருகே யாருமே இருக்கவில்லை.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பேர் தெரியுதுல்ல? யார் கையா இருந்தா நமக்கென்ன?"

அவளால் அப்படி விட முடியவில்லை. பண்ணைக் காவல்காரி சுலேமாவிடம் அந்தக் கையின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். சுலேமா அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

"எங்க அக்கா எவாரிஸ்தா. ரொட்டி நறுக்கக் கத்திய எடுத்தவ, நறுக்காமலே அந்த மேஜைமேல சாஞ்சு செத்துப்போயிட்டா. அவளக் கத்தி விக்க வெக்காதீங்கம்மா."

நெலிதா திரும்பிவந்து ஹசிந்த்தோவிடம் சொன்னாள்: "வெட்டிரு."

"பேர் தெரியுறது இதுல மட்டுந்தானே, அக்கா?"

"தெரியும். வெட்டு."

மூன்று நெருஞ்சி இல்லாமலே படம் வெளிவந்தது. முதலாளி அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்குத் தள்ளினார். மறுநாளே அவள் அங்கே போய்க் கத்திகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

குளிர்காலத்தில் ஹசிந்த்தோ தொலைபேசியில் அழைத்தான். "அந்தத் துண்ட அழிக்கலாம்னு திறந்தேன், அக்கா. கையக் காணோம். ரொட்டி முழுசும் நறுக்கிக் கிடக்கு."

அவள் உடனே சுலேமாவுக்குச் சொன்னாள்.

"நறுக்கி முடிச்சிட்டாளா? அப்பாடா," என்றாள் சுலேமா.