எந்த மண், எந்தச் சனம்

சிட்னிக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில், ஒரு வகுப்பில் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே வந்த பேராசிரியர் பாடத்தைத் தொடங்காமல், "நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கு உரியவர்களையும் அவர்களுடைய மூத்தோரையும் வணங்கி ஆரம்பிக்கிறேன்" என்றார். யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று நினைத்துதான் எழுந்தேன். வேறு யாரும் அசையவில்லை. வாசலைப் பார்த்தேன், அங்கும் ஆள் இல்லை. மெதுவாக உட்கார்ந்துகொண்டேன். அந்த நாட்டின் பூர்வகுடிகளுக்குச் சொல்லும் வணக்கம் அது என்று பிறகுதான் தெரிந்தது. நம்மூர் விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்து உண்டு, குத்துவிளக்கு உண்டு, மேடையில் இருப்பவர்களின் பெயர்களை அடைமொழியோடு நீட்டி முழக்குவதும் உண்டு. அந்த மேடை நிற்கும் தரையில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இது 2002இல் நடந்தது. நான் காசிமேட்டுக்காரி. நைனா விசைப்படகில் கடலுக்குப் போவார், அம்மா கல்மண்டபத்தில் மீன் விற்பாள். ஆனால் சிட்னியில் இது யாருக்கும் தெரியாது. என் அறைத்தோழி ரம்யா மாம்பலத்துப் பெண். அவளிடம் "சென்னைதான், பீச் பக்கம்" என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் வசதியானவர்கள் இருக்கும் பெசன்ட் நகர் என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அதற்குக் காரணம் ஊரில் கல்லூரிக்குப் போன முதல் நாள். எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது, "எங்க வூடு காசிமேட்டுல கீது" என்றேன். வகுப்பே சிரித்தது. சினிமா ரவுடி மாதிரி பேசுகிறாள் என்று பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அன்று முதல் ஒவ்வொரு சொல்லாக வாயிலிருந்து பொறுக்கி எறிந்தேன். மூன்று வருடத்தில் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசப் பழகிவிட்டேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. அந்த மக்களின் பிள்ளைகள் படிக்க வந்தால் பாதியிலேயே ஊர் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது, மற்றவர்களுக்குத் தங்களைப் பற்றி எடுத்துச் சொல்வது, இந்த இரண்டும்தான் அதன் வேலை. அவர்களுடைய பண்பாட்டு வாரத்துக்குச் சமையலில் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று நூலகத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மதியச் சாப்பாடு கிடைக்குமே என்றுதான் போனேன். தலைவி டானியா, சட்டம் படிக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண். தேநீர் கொடுத்துவிட்டு, "உன் கன்ட்ரி எது?" என்றாள். "இந்தியா" என்றேன். "அது இல்லை. உன்னுடைய கன்ட்ரி. ஹூ இஸ் யுவர் மாப்?" என்றாள். கீழே கொஞ்சம் தேநீர் சிந்தியிருந்தது. தரை துடைக்கும் மாப்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் தேடினேன்.

டானியாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. பிறகு விளக்கினாள். அவள் சொன்னது கூட்டம் என்று பொருள்படும் வேறொரு ஆங்கிலச் சொல்; அவர்கள் பேச்சில் உறவு, சனம். கன்ட்ரி என்றால் தேசம் இல்லை. உன்னை வளர்த்த மண்ணும் தண்ணீரும். "எந்தத் தண்ணீர் உன்னுடையது?" என்று மறுபடி கேட்டாள். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "கடல்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சில நாட்கள் வெங்காயம் நறுக்கியபடியே அவள் கதையைக் கேட்டேன். அவளுடைய அப்பாவைச் சின்ன வயதில் அரசாங்க ஆட்கள் தாயிடமிருந்து பிரித்துத் தொலைவில் ஒரு விடுதியில் அடைத்திருக்கிறார்கள். அங்கே தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் அடி. வெளியே வந்தபோது அவருக்கு அந்த மொழி மறந்தே போயிருந்தது. டானியா அதைச் சங்கத்தின் வகுப்பில், அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

விழா அன்று மதியம் புல்வெளியில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். டானியா தன் மொழியில் நான்கு வாக்கியம் பேச எழுந்தாள். இரண்டு வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். முன்வரிசையில் அவளுடைய அப்பா இருந்தார். எடுத்துக்கொடுக்க அவருக்கும் தெரியாது. அவள் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தச் சொல் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தாள். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு சொல்லுக்காக ஒருத்தி இத்தனை பேர் முன்னால் அப்படி நிற்பாளா?

பிறகு சமையல் செய்த எங்களையும் அழைத்து, அவரவர் ஊரை அவரவர் பேச்சில் சொல்லச் சொன்னார்கள். நல்ல தமிழில் நாலு வரி தயாராக வைத்திருந்தேன். கூட்டத்தில் ரம்யா இருந்தாள். மைக்கைப் பிடித்ததும் அந்த நாலு வரியும் பொய்யாகத் தெரிந்தது.

"எம் பேரு தேவி. காசிமேட்டாண்ட எங்க வூடு. எங்க நைனா கடலுக்குப் போறாரு, எங்கம்மா மீன் விக்குது. நான் இங்க படிச்சிகினு கீறேன்."

கீழே இறங்கியதும் ரம்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

அவள் யோசித்தாள். "சிரிச்சிருப்பேன்" என்றாள். பொய் சொல்லாததால் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

டானியாவின் அப்பா என்னைத் தேடி வந்தார். அந்தப் பேச்சை இன்னும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டார். எங்கள் பக்கம் தெருத்தெருவாக எல்லோரும் பேசுவார்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய சொத்துக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உன்னைப் பேசக்கூடாது என்று யாராவது தடுத்தார்களா?"

"இல்லை" என்றேன். யாரும் அடிக்காமலே நானே விட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை, ரம்யா அறையில் இருக்கும்போதே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி, எப்பவும் குசுகுசுன்னு பேசுவ. இன்னிக்கி இம்மாஞ் சத்தமா பேசற, யாரும் இல்லியா?" என்றாள் அம்மா.

"எல்லாரும் கீறாங்கம்மா" என்றேன்.

படிப்பு முடிந்து இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். விடியற்காலையில் சில நாள் கடற்கரைக்குப் போவேன். இங்கும் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. காசிமேட்டில் கடலைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. இங்கும் அதே கிழக்கு, அதே முதுகுப்பக்கம்தான் காசிமேட்டு வீடு. நடுவில் யார் யாருடைய மண்ணோ ஒரு கண்டம் முழுக்கக் கிடக்கிறது, அதற்கப்பாலும் ஒரு கடல் கிடக்கிறது.