எதைக் கேட்பதென்று தெரியாமல் நின்ற வருஷம்

எனக்கு நாற்பது முடிந்த வருஷம், பங்குனி மாதத்தோடு வீட்டுக்குத் தூரமாவது நின்றுபோனது. இந்த முருகன் மலையில் கிருத்திகைப் பூசைக்கு இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் இல்லை. அன்றைக்கு இருந்த கூச்சம்தான் என் உயிரை வாங்கப் பார்த்தது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமராவதி அணைத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த மறுவருஷம் அது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். எனக்கு ஒரே மகள், சரசு. அவளுக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓர் ஆண்பிள்ளை கொடு என்று இந்த மலையேறி எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தத் தை மாதம்தான் சரசுவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். இனி நமக்கென்ன, பேரன் பேத்தியைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டவேண்டியதுதான் என்று இருந்தேன்.

வைகாசியில் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. சரசு முழுகாமல் இருக்கிறாளாம். பூரித்துப்போனேன். ஆனால் வந்தவருக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. எனக்கும் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. காலையில் எழுந்தால் குமட்டியது. அடிவயிறு கனமாக இருந்தது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்கவேண்டிய வயதில் தாயும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளை முன்னால் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அவர் வந்தால் கதவோரம் நின்று பதில் சொல்வதுதான் வழக்கம். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஊர் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளதான் அம்மிணி. இத்தன வருசம் கழிச்சுக் கண்ணத் தொறந்து பாத்திருக்கான் முருகன். பையன்தான், வேணும்னா பாரு" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை அவர் கைதான் பூமிக்குக் கொண்டுவந்தது. என் கோலத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயந்தரம் மாடுகளைப் பிடித்துக்கொண்டு வரும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டு. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறினேன். சந்நிதியில் நின்றால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. சட்டென்று, "முருகா, இது பிள்ளையாக இருக்கக்கூடாது. என் மானத்தைக் காப்பாற்று" என்று வேண்டிவிட்டேன். திருநீறு வாங்கிப் படியிறங்கும்போதுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. வருஷக்கணக்காக எதைக் கேட்டு அழுதேனோ, அதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே. கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன்?

அடுத்த கிருத்திகைக்கு மறுபடி போனேன். "போன மாசம் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. கொடுத்ததை எடுத்துவிடாதே" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தேன். மனம் ஆறவில்லை. இரண்டு விதமாகக் கேட்டால் சாமி எதைத்தான் எடுத்துக்கொள்வார்? சமைக்கும்போதும் இதே யோசனை. களை எடுக்கும்போதும் இதே யோசனை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை.

ஐப்பசியில் சரசுவுக்கு வளைகாப்புச் செய்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். எனக்கும் அவளுக்கும் வயிறு ஒரே அளவு. வந்த பெண்கள் என்னைப் பார்ப்பதும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வதுமாக இருந்தார்கள். மாப்பிள்ளை வந்தபோது சமையலறையை விட்டு நான் வெளியே வரவே இல்லை.

அவர்களெல்லாம் போன பிறகு சரசு என்னிடம் வெடித்தாள். "ஏம்மா, என்ற மாமியா ஊட்ல நான் எப்படீம்மா தல நிமிந்து நிக்கிறது? எல்லாரும் கேக்கறாங்க, உனக்கு வளைகாப்பா உங்கம்மாளுக்கா வளைகாப்பான்னு." அவளுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டாள். இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மத்தியானம் இருவரும் உள்ளே பாயில் படுத்திருந்தோம். எனக்கு இடுப்பெல்லாம் வலி. சரசு திடீரென்று "ஸ்ஸ்" என்றாள். பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டே என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே முட்டிக்கொண்டு ஓடியது குழந்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமெல்லாம் போய் அவளும் தன் கையை என் வயிற்றின் மேல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் வைத்தாள், இந்தப் பக்கம் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏம்மா, உனக்கு அசையவே மாட்டேங்குது?"

"வயசான காலத்துப் புள்ள கண்ணு. மெதுவாத்தான் அசையும்னு மருத்துவச்சி சொன்னாங்க."

"இதுவரைக்கும் ஒருக்காவாச்சும் அசஞ்சிருக்குதா?"

நான் யோசித்தேன். அசைந்த மாதிரி இருந்தது. வாயுவாகவும் இருந்திருக்கலாம். சரசுவைச் சுமந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். இருபது வருஷமாகிவிட்டது, மறந்துபோயிருந்தது. "தெரியல கண்ணு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. "கையெல்லாம் குச்சியாட்டம் போயிருச்சு, வயிறு மட்டும் பெருசாவுது. இது செரியில்லம்மா" என்றாள். அவள் அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "நாளைக்கே அம்மாளப் பெரியம்மா ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அங்க லேடி டாக்டர் இருக்கறாங்களாம். போகாட்டி நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று நின்றாள். நிறைமாதத்தை எட்டிக்கொண்டிருப்பவள் ரயிலேறுவேன் என்றால் யார் விடுவார்கள்? நாங்கள் கிளம்பினோம்.

என் அக்கா போத்தனூரில் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. உடுமலையில் ஏறி, பொள்ளாச்சி வழியாகப் போத்தனூரில் இறங்கினோம். மறுநாள் அக்கா என்னை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். குழாயை வைத்துக் கேட்டார். கை கழுவிவிட்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"உள்ள புள்ள இல்லேம்மா. கட்டி இருக்குது."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளை இல்லை என்றதும் முதலில் மனதில் வந்தது நிம்மதிதான். ஆடிக் கிருத்திகையில் கேட்டதைக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். கட்டி என்ற சொல் அதற்கப்புறம்தான் காதில் ஏறியது. மானம் போகாமல் உயிர் போகப்போகிறது. இதையா நான் கேட்டேன்?

"அப்ப தூரம் நின்னது எதனாலிங்க?" என்று கேட்டேன்.

"உங்க வயசுக்கு அது தானா நிக்கறதும் உண்டும்மா. சில பேருக்கு நாப்பதுல, சில பேருக்கு அம்பதுல. அது வேற, இது வேற. ரெண்டும் ஒண்ணா வந்ததால கொழம்பிப்போட்டீங்க. இனித் தள்ளிப்போடக்கூடாது, ஆபரேசன் பண்ணியாகணும்."

இந்த விஷயத்தை அதுவரை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரியமனுஷியானபோது சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பதுக்கு மேல் உடம்பு என்னவாகும் என்று ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

வாசலில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். அக்காதான் விஷயத்தைச் சொன்னார். தெருக்குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். திரும்பி வந்து, "பையன் வேணும்னு நானும் மலையேறிக் கேட்டேன் புள்ள. அதனாலதான் இப்படி ஆயிருச்சோ என்னமோ" என்றார். அவரும் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். அவர் தலையை அசைத்தார். "நீ இருந்தாப் போதும். வேறெதுவும் வேண்டாம்."

அன்று அக்கா வீட்டில் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். வயிற்றில் கை வைத்தேன். இத்தனை மாதம் அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று நினைத்து, மற்றவர் பார்க்காதபோது அதனிடம் பேசியிருக்கிறேன். வேண்டாம் என்று சாமியிடம் சொன்னவளும் நான்தான், வயிற்றைத் தடவிக்கொடுத்தவளும் நான்தான். இல்லாத அந்தப் பிள்ளைக்காக அழுது தீர்த்தேன். பிழைக்கவேண்டும் என்று கேட்கலாமா? ஏற்கெனவே கேட்டதெல்லாம் எங்கே கொண்டுவந்து விட்டது என்று பயமாக இருந்தது. கடைசியில், "எனக்கு ஒண்ணுமே புரியல சாமி. எதைக் கேக்கறதுன்னே தெரியல. நீயே பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றவேண்டியிருக்கும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரருடையது சேரவில்லை. அக்காவுக்கு உடம்பில் ரத்தமே கம்மி என்றுவிட்டார்கள். என்ன செய்வதென்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து நின்றார். சரசு சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் வழக்கம்போலச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழப்பார்த்தேன்.

"படுங்கத்தே, எந்திரிக்காதீங்க" என்றார். "என்ற ரத்தம் உங்களுக்குச் சேருதாமுங்க. இப்பத்தான் பாத்துச் சொன்னாங்க."

எந்த மனிதர் முகத்தில் விழிக்கக்கூடாது என்று சமையலறையில் ஒளிந்தேனோ, அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டேன். "அய்யோ, என்னங்கத்தே இது" என்று பதறிப்போனார் பாவம்.

ஆபரேசன் முடிந்து நான் கண்விழித்தபோது அந்த டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்து, முறுக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்ததாம். "மாசம் ஆகட்டும்னு வீட்டுல உக்காந்திருந்தா உங்களைப் பாத்திருக்க முடியாது. யாரும்மா உங்களை அனுப்பி வச்சது?" என்று கேட்டார். "என்ற மகளுங்க" என்றேன். பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

சரசு அதே காலத்தில் முழுகாமல் இருந்ததைத்தானே நான் பெரிய அவமானமாக நினைத்தேன்? அவள் வயிற்றில் ஒரு பிள்ளை அசைந்திராவிட்டால், என் வயிறு அசையவில்லை என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? எதைப் பார்த்து ஐயோ என்று அழுதேனோ, அதற்குள்தான் என்னைக் காப்பாற்றும் வழி இருந்திருக்கிறது.

நான் வீடு திரும்பும் முன்பே மார்கழியில் சரசுவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சம்பந்தி அம்மாளே எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பிரசவம் பார்த்தார். நான் வண்டியை விட்டு இறங்கியதும் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "புண்ணு ஆறலயேன்னு பாக்காதீங்க, ஒரு நிமிசம் வச்சுக்கங்க" என்றார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்றிலிருந்து நான் கொஞ்சம் வேறு ஆளாகிவிட்டேன். தோட்டத்துக்கு வரும் பெண்களோ, சொந்தத்தில் இருப்பவர்களோ, நாற்பதை நெருங்கும் யாராக இருந்தாலும் உட்காரவைத்துப் பேசுகிறேன். தூரம் நிற்பது இயற்கை, ஆனால் வயிறு வீங்கினாலோ வலித்தாலோ மறைக்காதே என்று சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே வந்து, "ஏனுங்கக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்று காதோடு கேட்கிறார்கள். மூன்று நான்கு பேரை நானே அந்த லேடி டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறேன்.

என் குழப்பமெல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆடியில் கேட்டதை முருகன் கேட்டானா, ஆவணியில் கேட்டதைக் கேட்டானா, என் வீட்டுக்காரர் கேட்டது என்னவாயிற்று, எனக்கு இன்றும் தெரியாது. சில நாள் அந்த இல்லாத பிள்ளையின் நினைப்பு வரும். அதையும் அவனிடமே சொல்கிறேன். ஒன்று மட்டும் தெரியும். எதையும் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்த அன்றுதான் என் பாரம் என் தலையைவிட்டு இறங்கியது.

இங்கே இருப்பவர்களில் என்னைப்போல் மனம் குழம்பி நிற்பவர்கள் இருப்பீர்கள். தெளிந்த பிறகு சாமியிடம் போகலாம், சரியான வார்த்தை கிடைத்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடேயே வாருங்கள். தெரியவில்லை என்பதையே சொல்லுங்கள். அதுவும் அவன் காதில் விழுகிறது. நான் உங்கள் முன்னால் நிற்கிறேனே.